கம்பெனி கைமாறும்போது நம் பங்கு என்ன ஆகும்?

2024 ஜூலை 28 ஒரு ஞாயிற்றுக்கிழமை. இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தை நடத்திவந்தவர்கள் தங்கள் பங்குகளை அல்ட்ராடெக் சிமெண்டுக்கு விற்கிறார்கள் என்ற அறிவிப்பு அன்று வந்தது. ஒரு பங்குக்கு 390 ரூபாய். மாலைக்குள் உறவுக்காரர்களிடமிருந்து எனக்குப் போன் வரத் தொடங்கிவிட்டது. “தம்பி, நம்மகிட்ட இருக்கிற எல்லாப் பங்குக்கும் 390 கொடுத்துடுவாங்களாமே?” என்றார் ஒருவர். “கொடுக்காம வச்சிருந்தா பங்கு செல்லாமப் போயிடுமாப்பா?” என்று இன்னொருவர். “பேசாம சந்தையிலேயே வித்துடலாமா?” என்று மூன்றாமவர்.

1946-இல் தொடங்கிய கம்பெனி அது. முதல் ஆலை திருநெல்வேலிப் பக்கம் தாழையூத்து சங்கர் நகரில். தமிழ்நாட்டில் பல வீடுகளில் அந்தப் பங்கு அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்தது. அப்படிப்பட்ட பங்கைப் பற்றி முடிவெடுக்கும்போது அரைகுறைச் செய்தியை வைத்து எடுக்கக் கூடாது. கம்பெனி கைமாறும் டேக்ஓவர், ஓப்பன் ஆஃபர், பைபேக், டீலிஸ்டிங் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துதான் பலரும் பேசுகிறார்கள். அதனால் முதலிலிருந்தே தொடங்குகிறேன்.

## பங்காளி வீட்டுக் கணக்கு

ஒரு பெரிய வீடு. பத்துப் பங்காளிகளுக்கு அதில் பங்கு உண்டு. மூத்த அண்ணனுக்கு மூன்று பங்கு. வாடகை வசூலிப்பது, சுண்ணாம்பு அடிப்பது, வரி கட்டுவது எல்லாம் அவர்தான். மற்றவர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம். அண்ணன் மேல் உள்ள நம்பிக்கையில் அவர்கள் எதிலும் தலையிடுவதில்லை. ஒருநாள் அண்ணன் தன் பங்கை வெளியூர்க்காரர் ஒருவருக்கு நல்ல விலைக்கு விற்றுவிடுகிறார். வீட்டை இனி நடத்தப்போவது அந்தப் புதியவர்.

மற்ற பங்காளிகளின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவர்கள் நம்பியது அண்ணனை. புதியவர் எப்படிப்பட்டவரோ தெரியாது. அண்ணனுக்குக் கிடைத்த விலை அவர்களுக்குக் கிடைக்குமா என்றால் அதுவும் இல்லை. நடத்துகிற உரிமையோடு வரும் பங்குக்குத்தான் வெளியில் அந்த விலை.

பங்குச் சந்தையில் அந்த அண்ணனுக்குப் பெயர் ப்ரோமோட்டர். கம்பெனியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்து நடத்துபவர், அல்லது நடத்தும் குடும்பம். இப்படிப்பட்ட நிலையில் சிறு பங்குதாரர் கைவிடப்படக் கூடாது என்பதற்காக, சந்தையைக் கண்காணிக்கும் செபி ஒரு விதி வைத்திருக்கிறது. கட்டுப்பாட்டை வாங்குகிறவர் மற்ற பங்குதாரர்களிடமும் வந்து, “இந்த விலைக்கு உங்கள் பங்கையும் வாங்கிக்கொள்கிறேன், விருப்பம் இருந்தால் கொடுங்கள்” என்று பகிரங்கமாகக் கேட்க வேண்டும். ஓப்பன் ஆஃபர் என்பது இதுதான்.

இங்கே ‘விருப்பம் இருந்தால்’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓப்பன் ஆஃபரில் பங்கைக் கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. கொடுக்காவிட்டால் பங்கு செல்லாமலும் போகாது. நேற்றுவரை இருந்ததுபோலவே உங்கள் டீமேட் கணக்கில், அதாவது பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கில், இருக்கும்.

## 25, 26 என்ற இரண்டு எண்கள்

யாராவது கொஞ்சம் பங்கு வாங்கினாலே ஓப்பன் ஆஃபர் வந்துவிடாது. இப்போது நடைமுறையில் உள்ள 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒருவரின் கையிருப்பு கம்பெனியின் மொத்தப் பங்கில் 25 சதவீதத்தைத் தொடும்போது கடமை பிறக்கிறது. அதற்குக் குறைவாக இருந்தாலும், கம்பெனியின் கட்டுப்பாடு கைமாறினால் அப்போதும் பிறக்கும். கடமை பிறந்துவிட்டால், குறைந்தது இன்னும் 26 சதவீதப் பங்குகளை வாங்கிக்கொள்வதாகப் பொதுமக்களிடம் சொல்லியாக வேண்டும்.

இந்தியா சிமெண்ட்ஸ் விஷயம் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். 2024 ஜூன் மாதக் கடைசியில் அல்ட்ராடெக் சுமார் 23 சதவீதப் பங்கை வாங்கியது. ஒரு பங்குக்கு 285 ரூபாய்க்கு மேல் போகாமல் வாங்க அதன் இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்திருந்தது. 25-ஐ எட்டாததால் ஓப்பன் ஆஃபர் தேவைப்படவில்லை. ஒரே மாதம் கழித்து ப்ரோமோட்டர் குடும்பத்திடமிருந்தும் அவர்களைச் சார்ந்தவர்களிடமிருந்தும் 32.72 சதவீதத்தை 390 ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. உடனே கோடு தாண்டியாயிற்று. 26 சதவீதத்துக்கு, அதாவது 8 கோடிக்குச் சற்று அதிகமான பங்குகளுக்கு, அதே 390 ரூபாயில் ஓப்பன் ஆஃபர் வந்தது.

அது ஏன் 26? மிச்சமுள்ள எல்லாப் பங்கையும் வாங்கச் சொல்லியிருக்கலாமே? விதிகளைத் திருத்த அமைக்கப்பட்ட அச்சுதன் குழு அப்படித்தான் பரிந்துரைத்தது. வெளியேற விரும்பும் எல்லாருக்கும் முழு வழி கிடைக்கட்டும் என்பது அவர்கள் வாதம். கம்பெனியை வாங்குவதற்கென்று வங்கிக் கடன் கிடைப்பது இந்தியாவில் கடினமாக இருந்தது. நூறு சதவீதம் என்றால் பணபலம் உள்ள வெளிநாட்டுக்காரர்களுக்குத்தான் அது சாதகம் என்று எதிர்வாதம் வந்தது. கடைசியில் செபி 26-இல் நின்றது. என் மனசு அச்சுதன் குழுவின் பக்கம்தான். கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்த 26 என்ற எண்ணால் வருபவை.

இருந்தாலும் 2011 விதிகள் ஒரு பெரிய நல்லது செய்தன. அதற்கு முன்னால், “இனி இதே தொழிலில் போட்டிக்கு வரமாட்டேன்” என்று எழுதிக்கொடுப்பதற்காக ப்ரோமோட்டருக்கு ஆஃபர் விலையில் 25 சதவீதம் வரை கூடுதலாகத் தரலாம். அந்தப் பணம் சிறு பங்குதாரருக்கு வராது. அந்த வழியை 2011-இல் அடைத்துவிட்டார்கள். ப்ரோமோட்டருக்கு எந்தப் பெயரில் கூடுதல் கொடுத்தாலும் அது எல்லாருக்குமான விலையில் சேர வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: கட்டுப்பாடு கைமாறும்போது சிறு பங்குதாரருக்குத் திறக்கப்படும் வெளியேறும் வாசல்தான் ஓப்பன் ஆஃபர். 25-ஐத் தொட்டால் அந்த வாசலைத் திறந்தாக வேண்டும். வாசலின் அகலம் குறைந்தது 26.

## விலை எங்கிருந்து வருகிறது?

வாங்குகிறவர் தன் இஷ்டத்துக்கு விலை வைக்க முடியாது. அடிக்கடி வாங்கி விற்கப்படும் பங்கு என்றால், முக்கியமாக நான்கு அளவுகோல்களைப் பார்த்து அவற்றில் எது அதிகமோ அதற்குக் குறையாமல் தர வேண்டும். ப்ரோமோட்டருடன் பேசி முடித்த விலை ஒன்று. கடந்த 52 வாரங்களில் தானே அந்தப் பங்கை வாங்கியிருந்தால் அதன் சராசரி விலை இரண்டாவது. கடந்த 26 வாரங்களில் தான் கொடுத்த அதிகபட்ச விலை மூன்றாவது. அறிவிப்புக்கு முந்தைய 60 வர்த்தக நாட்களின் சந்தைச் சராசரி நான்காவது.

இந்த நான்கிலும் கம்பெனியின் உண்மையான மதிப்பு என்ன என்ற கேள்வி வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள், சந்தையில் எவ்வளவுக்குப் போனது என்பதுதான் பார்க்கப்படுகிறது. ஆகவே “செபி ஒப்புக்கொண்ட விலை, அப்போ அதுதான் சரியான விலை” என்று சொல்வது தவறு. விதிப்படி கணக்கிடப்பட்டிருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை.

பணம் வந்து சேருமா என்ற பயம் சிலருக்கு உண்டு. அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆஃபர் தொகையில் முதல் 500 கோடிக்கு 25 சதவீதமும், அதற்கு மேற்பட்டதற்கு 10 சதவீதமும் தனிக் கணக்கில் முன்கூட்டியே போட்டுவைக்க வேண்டும். எஸ்கிரோ கணக்கு என்பார்கள். பொது ஆளிடம் கொடுத்துவைத்த முன்பணம் போல.

## எல்லாப் பங்கையும் எடுத்துக்கொள்வார்களா?

அதிகம் பேர் ஏமாறுகிற இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஓப்பன் ஆஃபரில் பங்கைக் கொடுக்க முன்வருவதை டெண்டர் செய்வது என்கிறார்கள். நீங்கள் நூறு பங்கை டெண்டர் செய்தால் நூறையும் அவர்கள் எடுத்தாக வேண்டும் என்ற விதி இல்லை. அவர்கள் வாங்கச் சம்மதித்தது மொத்தம் 26 சதவீதம் மட்டுமே. அதைவிட அதிகமாகப் பங்குகள் வந்து குவிந்தால் எல்லாருக்கும் விகிதப்படி பிரித்து எடுப்பார்கள். ஏரியில் தண்ணீர் குறைவாக இருக்கும் வருஷத்தில் மடையைத் திறந்து, அவரவர் நிலத்தின் அளவுக்கு ஏற்ப முறை வைத்து விடுவார்கள் அல்லவா, அதே மாதிரி. முந்தி வந்தவருக்கு முழுசாக, பிந்தி வந்தவருக்கு ஒன்றுமில்லை என்பது கிடையாது. முதல் நாளே டெண்டர் செய்தாலும் கடைசி நாளில் செய்தாலும் விகிதம் ஒன்றுதான்.

டெண்டர் செய்த பங்கில் எத்தனை எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதை ஏற்பு விகிதம் என்று வைத்துக்கொள்வோம். முன்கூட்டியே அதைத் துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது. எத்தனை பேர் டெண்டர் செய்வார்கள் என்பதைப் பொறுத்தது அது. ஆனால் எவ்வளவு மோசமாகப் போனாலும் இதற்குக் கீழே போகாது என்று ஒரு எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

இந்தியா சிமெண்ட்ஸையே எடுப்போம். இரண்டு கொள்முதலும் சேர்ந்து அல்ட்ராடெக் கையில் 55.49 சதவீதம். அப்படியானால் மற்ற எல்லாரிடமும் சேர்த்து 44.51 சதவீதம். அத்தனை பேரும் ஒருவர் பாக்கியில்லாமல் டெண்டர் செய்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கப்போவது 26. இருபத்தாறை 44.51-ஆல் வகுத்தால் 0.584. அதாவது நூறு பங்குக்கு 58 பங்கு நிச்சயம். மிச்சம் 42 திரும்பி வரலாம்.

நடைமுறையில் எல்லாரும் டெண்டர் செய்வதில்லை. சிலருக்குச் செய்தியே தெரியாது. சிலருக்கு விற்க மனசு வராது. சிலர் ஏற்கெனவே சந்தையில் விற்றிருப்பார்கள். ஆனால் சந்தையில் விற்ற பங்கு காணாமல் போவதில்லை. ஆஃபரில் கொடுத்து சில ரூபாய் லாபம் பார்க்கலாம் என்றே வாங்குகிற பெரிய கைகள் இருக்கின்றன. அவர்கள் ஒரு பங்கு விடாமல் டெண்டர் செய்வார்கள். அதனால் ஏற்பு விகிதத்தைப் பற்றி ரொம்ப ஆசை வைக்காமல் இருப்பது நல்லது.

## மிச்சப் பங்கை வைத்து ஒரு கணக்கு

சரி, இப்போது முடிவெடுக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, டெண்டர் நடக்கும் சமயத்தில் சந்தை விலை 375, ஆஃபர் விலை 390 என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் நூறு பங்கு இருக்கிறது, கம்பெனியில் தொடரும் எண்ணம் இல்லை.

சந்தையில் விற்றால் 37,500 ரூபாய், அதோடு முடிந்தது. டெண்டர் செய்து 58 பங்கு மட்டும் எடுக்கப்பட்டால் 22,620 ரூபாய் வரும். 42 பங்கு கையில் நிற்கும். சந்தையில் விற்றதற்குச் சமமாக வர இன்னும் 14,880 ரூபாய் வேண்டும். அதை 42-ஆல் வகுத்தால் 354 ரூபாய். ஆக, ஆஃபர் முடிந்த பிறகு மிச்சப் பங்கை 354-க்கு மேல் விற்க முடிந்தால் டெண்டர் செய்தது லாபம். விலை அதற்குக் கீழே போய்விட்டால், அன்றைக்கே 375-க்கு விற்றவர்தான் முன்னால் நிற்கிறார். எண்பது பங்கு எடுக்கப்பட்டிருந்தால் அதே கோடு 315-க்கு இறங்கும்.

ஆஃபர் முடிந்த பிறகு விலை இறங்குவது அபூர்வமான விஷயமே இல்லை. அத்தனை நாளும் விலை 390 என்ற தூணில் சாய்ந்து நின்றது. தூணை எடுத்தவுடன் பங்கு தன் காலில் நிற்க வேண்டும். திரும்பி வந்த மிச்சப் பங்கை விற்க எல்லாரும் ஒரே சமயத்தில் வருவார்கள். இந்தியா சிமெண்ட்ஸிலும் அப்படி நடந்தது. 2025 ஜனவரியில் டெண்டர் முடிந்த சில வாரங்களில் விலை 300-க்கும் கீழே போனது. பிறகு மெல்ல ஏறியது.

15 ரூபாய் அதிகம் கிடைக்கிறதே என்று பார்ப்பதோடு இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு தாளும் பேனாவும் போதும். ஆஃபர் விலையும் சந்தை விலையும் கணக்கில் பாதிதான். மீதிப் பாதி, திரும்பி வரப்போகும் பங்கு.

## சந்தை விலை ஆஃபர் விலையைத் தாண்டி இருந்தால்?

அப்போது விடை எளிது. விற்க நினைப்பவர் சந்தையில் விற்க வேண்டும். 2022-இல் ஏசிசி, அம்புஜா சிமெண்ட் இரண்டுக்கும் அதானி குழுமம் கொடுத்த ஓப்பன் ஆஃபரில் அதுதான் நடந்தது. ஏசிசிக்கு 2,300, அம்புஜாவுக்கு 385 என்று ஆஃபர். சந்தையில் இரண்டும் அதற்கு மேலே இருந்தன. டெண்டர் செய்தவர்கள் வெகு சிலரே.

அதே 2022-இல் அதானி குழுமம் வாங்கிய என்டிடிவி செய்தி நிறுவனத்தின் விஷயத்தில் வேறொரு திருப்பம். ஆஃபர் விலை 294. சந்தை விலை அதைவிட நன்றாகவே மேலே. இருந்தும் 53 லட்சம் பங்குகளுக்கு மேல் டெண்டரில் வந்தன. ஆஃபர் முடிந்த அதே டிசம்பரில் நிறுவனர்கள் பிரணாய் ராய், ராதிகா ராய் தங்கள் பங்கில் 27.26 சதவீதத்தை அதானி குழுமத்துக்கு 342.65 ரூபாய்க்கு விற்றார்கள். அப்படியானால் 294-க்குக் கொடுத்தவர்கள்? அவர்களுக்குப் பங்குக்கு 48.65 ரூபாய் கூடுதலாகத் தரப்பட்டது. டெண்டர் காலம் முடிந்து 26 வாரங்களுக்குள் வாங்குகிறவர் வேறு யாரிடமாவது பேசி முடித்து அதிக விலைக்கு வாங்கினால், அந்த வித்தியாசத்தை டெண்டர் செய்த எல்லாருக்கும் தர வேண்டும் என்பது விதி. பலருக்குத் தெரியாத நல்ல பாதுகாப்பு இது. சந்தையில் விற்றவர்களுக்கு இந்தக் கூடுதல் வராது.

ஆஃபர் விலையும் கல்லில் எழுதியதல்ல. டெண்டர் தொடங்க ஒரு வேலை நாள் இருக்கும்வரை உயர்த்தலாம், குறைக்க முடியாது. போட்டிக்கு வேறொருவர் ஆஃபர் கொடுக்கவும் இடம் உண்டு. ஆனால் உயர்த்துவார்கள் என்ற நம்பிக்கையில் மட்டும் பங்கு வாங்குவது சூதாட்டம்.

## கொடுக்காமல் வைத்திருப்பவர் எதைப் பார்க்க வேண்டும்?

பங்காளி வீட்டுக்கே திரும்புவோம். புதியவர் அண்ணனைவிட நன்றாக வீட்டை நடத்துவார் என்று தோன்றினால் பங்கை ஏன் விற்க வேண்டும்? ஓப்பன் ஆஃபரில் நாம் யோசிக்க வேண்டிய முக்கியக் கேள்வி இதுதான் என்பது என் எண்ணம். இந்த ஆளோடு கூட்டாளியாக இருக்க எனக்குச் சம்மதமா?

மைண்ட்ட்ரீ என்ற மென்பொருள் கம்பெனியின் கதையைச் சொல்கிறேன். 2019-இல் எல் அண்ட் டி நிறுவனம் அதன் பெரிய பங்குதாரரான வி.ஜி. சித்தார்த்தாவிடமிருந்து 20.32 சதவீதத்தை 980 ரூபாய்க்கு வாங்கியது. மைண்ட்ட்ரீ நிறுவனர்கள் எதிர்த்தார்கள். அதே 980-இல் 31 சதவீதத்துக்கு ஓப்பன் ஆஃபர் வந்து, சந்தையில் வாங்கியதும் சேர்ந்து ஜூன் மாதம் எல் அண்ட் டி கையில் 60 சதவீதம் ஆனது. அடுத்த சில வாரங்களில் பங்கு 800-க்கும் கீழே போனது. ஆஃபரில் கொடுத்தவர்கள் புத்திசாலிகள் என்று எல்லாரும் சொன்ன நேரம் அது. 2021-இல் அதே பங்கு 4,000-ஐத் தாண்டியது. அப்போது யாரைப் புத்திசாலி என்பது? 2019-இல் 980-க்குக் கொடுத்தவரும் தவறு செய்யவில்லை, வைத்திருந்தவரும் தீர்க்கதரிசி இல்லை. அவரவர் தேவை, அவரவர் காலம் வேறு. அடுத்த வருஷம் பெண்ணின் படிப்புக்குப் பணம் வேண்டியவரும், பத்து வருஷம் பங்கைத் தொடவே வேண்டாத நிலையில் இருப்பவரும் ஒரே முடிவை எடுக்க வேண்டியதில்லை.

வைத்திருக்க முடிவு செய்பவர் இன்னொரு எண்ணையும் தெரிந்துகொள்ள வேண்டும். அது 75. பட்டியலிடப்பட்ட கம்பெனியில் குறைந்தது 25 சதவீதப் பங்கு பொதுமக்களிடம் இருக்க வேண்டும். ஓப்பன் ஆஃபரால் வாங்குகிறவரின் கையிருப்பு 75-ஐத் தாண்டிவிட்டால், மிகுதியை ஓராண்டுக்குள் திரும்ப விற்றுக் குறைக்க வேண்டும். இந்தியா சிமெண்ட்ஸில் அல்ட்ராடெக் 81.49 சதவீதம் வரை போய்விட்டது. அதனால் 2025 ஆகஸ்ட்டில் 6.49 சதவீதத்தை விற்பனைக்கு வைத்தது, குறைந்தபட்ச விலை 368 ரூபாய். இப்படி மொத்தமாகப் பங்கு சந்தைக்கு வரப்போகிறது என்பது முன்பே கணக்குப் போட்டு அறியக்கூடியது. அந்தச் சமயத்தில் விலை அழுந்தினால் பதற வேண்டாம்.

டீலிஸ்டிங், அதாவது சந்தையிலிருந்தே பங்கை விலக்கிக்கொள்வது, முற்றிலும் வேறு விஷயம். அதற்குத் தனி விதிகள், தனி விலைமுறை, பங்குதாரர்களின் தனி வாக்கெடுப்பு எல்லாம் உண்டு. ஓப்பன் ஆஃபர் வந்துவிட்டது என்பதாலேயே கம்பெனி சந்தையை விட்டுப் போகப்போகிறது என்று அர்த்தமில்லை. பைபேக்கும் வேறு. அங்கே கம்பெனி தன் சொந்தப் பணத்தில் தன் பங்கையே வாங்குகிறது. ஓப்பன் ஆஃபரில் பணம் வெளியாள் கையிலிருந்து வருகிறது.

மறுபடி ஒரு சுருக்கம்: விற்க நினைப்பவர் ஏற்பு விகிதக் கணக்கைப் போட வேண்டும். வைத்திருக்க நினைப்பவர் புதிய முதலாளியை எடைபோட வேண்டும். இரண்டு பேருமே ஆஃபர் விலையை மதிப்பெண் அட்டையாக நினைக்கக் கூடாது.

## எத்தனை நாள் ஆகும்?

அறிவிப்பு வந்த அடுத்த வாரமே பணம் வந்துவிடும் என்று நினைத்து அதை நம்பி வேறு செலவுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்தியா சிமெண்ட்ஸில் ஜூலையில் அறிவிப்பு, டிசம்பர் 20-ஆம் தேதி இந்தியப் போட்டி ஆணையத்தின் அனுமதி, ஜனவரியில் டெண்டர். கிட்டத்தட்ட ஆறு மாதம். இது பரவாயில்லை. ஃபோர்டிஸ் மருத்துவமனைக் குழுமத்துக்கு மலேசிய மருத்துவமனை நிறுவனமான ஐஎச்எச் 2018-இல் 170 ரூபாய்க்குக் கொடுத்த ஆஃபரை அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்ற உத்தரவு நிறுத்தியது. ஆண்டுக்கணக்கில் அது நகரவே இல்லை. அதற்குள் பங்கின் சந்தை விலை 170-ஐப் போல் பல மடங்காகிவிட்டது. காத்திருந்தவர்களுக்கு அங்கே நல்லதே நடந்தது, ஆனால் எப்போதும் அப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. சந்தை விலை ஆஃபர் விலைக்குச் சற்றுக் கீழேயே நிற்பதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம்.

## எந்தத் தாளில் எதைப் படிப்பது?

டெண்டர் தொடங்குவதற்கு முன் லெட்டர் ஆஃப் ஆஃபர் என்ற ஆவணம் மின்னஞ்சலிலோ தபாலிலோ வரும். பல பக்கம் இருக்கும், முழுதும் படிக்க வேண்டாம். விலை எப்படி வந்தது என்ற அட்டவணையைப் பாருங்கள். என்னென்ன அனுமதிகள் பாக்கி இருக்கின்றன என்று பாருங்கள். அப்புறம், வாங்குகிறவர் கம்பெனியின் சொத்துக்களை என்ன செய்ய எண்ணுகிறார் என்ற பத்தியைக் கட்டாயம் படியுங்கள். முக்கியச் சொத்துக்களை விற்கும் எண்ணத்தை அங்கே முன்பே சொல்லாவிட்டால், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குப் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் இல்லாமல் அவற்றை விற்க முடியாது. அந்த வாக்குரிமை உங்களுக்கும் உண்டு.

கம்பெனியின் சுயேச்சை இயக்குநர்கள் குழு, அதாவது ப்ரோமோட்டரைச் சாராத இயக்குநர்கள், ஆஃபர் பற்றித் தங்கள் கருத்தைக் காரணத்தோடு எழுதி, டெண்டர் தொடங்கக் குறைந்தது இரண்டு வேலை நாட்களுக்கு முன் வெளியிட வேண்டும். பெரும்பாலும் ‘நியாயமான விலை, முடிவு உங்களுடையது’ என்ற அளவில்தான் எழுதுவார்கள். அந்த வரியைவிட, அதற்கு அவர்கள் காட்டும் காரணத்தைப் படிப்பது பயன்.

## டெண்டர் செய்வது எப்படி?

பத்து வேலை நாட்கள் அவகாசம். உங்கள் புரோக்கரின் செயலியிலோ இணையதளத்திலோ ஓப்பன் ஆஃபர் என்ற பிரிவில் எத்தனை பங்கு என்று பதிவு செய்தால் போதும். அந்தப் பங்குகள் உங்கள் டீமேட் கணக்கிலேயே பூட்டி வைக்கப்படும். எடுத்துக்கொண்டது போக மிச்சம் பூட்டு நீங்கித் திரும்பும். டெண்டர் காலம் முடிந்து பத்து வேலை நாட்களுக்குள் பணம் தர வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். டெண்டர் செய்த பங்கைத் திரும்பப் பெற முடியாது. மறுநாள் சந்தை விலை எகிறினாலும் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். அதனால் முதல் நாளே அவசரப்பட்டுச் செய்வதில் எந்த நன்மையும் இல்லை. கடைசி இரண்டு மூன்று நாட்கள் வரை சந்தை விலையைப் பார்த்துவிட்டுச் செய்யலாம். ஆனால் கடைசி நாளுக்கே விட்டுவிடாதீர்கள். சில புரோக்கர்கள் ஒரு நாள் முன்னதாகவே பதிவை மூடிவிடுகிறார்கள்.

வரியைப் பொறுத்தவரை, பங்குச் சந்தை வழியாக டெண்டர் செய்யும்போது அது சந்தையில் விற்றதைப் போலவே கணக்கிடப்படும். 2024 ஜூலை 23 முதல் உள்ள விகிதப்படி, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கின் லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டதற்கு 12.5 சதவீதம், ஓராண்டுக்குள் என்றால் 20 சதவீதம்.

காகிதச் சான்றிதழாகப் பங்கு வைத்திருப்பவர்களும் டெண்டர் செய்யலாம். விண்ணப்பப் படிவத்தோடு அசல் சான்றிதழ், பான் நகல், கையெழுத்து எல்லாம் புரோக்கர் வழியாகப் போக வேண்டும். தாத்தா பெயரில் இருக்கும் சான்றிதழ், எழுத்துப் பிழையோடு இருக்கும் பெயர், மாறிப்போன கையெழுத்து இவையெல்லாம் பத்து நாளில் சரியாகாது. கம்பெனி லாபத்திலிருந்து தரும் டிவிடெண்டைத் தொடர்ந்து ஏழு ஆண்டுகள் வாங்காமல் விட்டிருந்தால் அந்தப் பங்கு அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்கே போயிருக்கும். அங்கிருந்து மீட்ட பிறகுதான் எதுவும் செய்ய முடியும். வீட்டு அலமாரியில் அப்படி ஏதாவது பழைய சான்றிதழ் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இருந்தால், ஆஃபர் எதுவும் வராத இந்த நேரத்திலேயே பெயர் மாற்றி டீமேட் கணக்குக்குக் கொண்டுவரும் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.